எம்.ஐ.டி.யில் படித்த தச்சர்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டார். "பாலம், கான்கிரீட், பீம் எல்லாம் வேண்டாம்ப்பா. எல்லா டிபார்ட்மெண்ட்காரங்களும் படிக்கிற மாதிரி ஏதாவது வரலாறு எழுது" என்பது அவர் போட்ட கண்டிஷன். எல்லா டிபார்ட்மெண்டுக்கும் பொதுவாக நம் கல்லூரியில் என்ன இருக்கிறது? யோசித்துப் பார்த்தால் இரண்டுதான். ஒன்று மெஸ் சாம்பார், இன்னொன்று முதலாண்டு ஒர்க்‌ஷாப். சாம்பாரைப் பற்றிச் சென்ற மலரிலேயே ஒரு சீனியர் நான்கு பக்கம் கண்ணீர் வடித்துவிட்டார். ஆகவே ஒர்க்‌ஷாப்.

நான் 2004-ல் சேர்ந்தவன். கார்பெண்டரியில் எங்களுக்கு வந்தது டி-லேப் ஜாயிண்ட். இரண்டு கட்டைகளில் பாதி கனம் செதுக்கி, ஒன்றுக்குள் ஒன்றை உட்கார வைக்க வேண்டும். கேட்க சுலபம். என் ஜாயிண்டில் ஒரு ரூபாய் நாணயம் நுழைகிற அளவுக்கு இடைவெளி. பெஞ்ச்மேட் காதில் ஓதிய பரம்பரை வித்தைப்படி மரத்தூளையும் ஃபெவிகாலையும் குழைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து நீட்டினேன். கார்பெண்டரி சார் அதை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "ஓட்டைய மூடிட்ட. அது ஏன் வாயத் திறந்துச்சுன்னு பார்த்தியா?" என்று கேட்டார். அவ்வளவுதான். பத்துக்கு ஆறு மார்க் போட்டார். அவர் ஐ.டி.ஐ. படித்தவர். லெக்சரர்களுக்கு வைக்கிற வணக்கத்தில் பாதிதான் அவருக்கு வைப்போம். இதை இப்போது எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் வைத்தது பாதிதான்.

இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது அல்ல. ஜார்ஜ் நகாஷிமா என்கிற ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரைப் பற்றியது. எம்.ஐ.டி.யில் முதுகலைப் பட்டம் வாங்கியவர். (குரோம்பேட்டை இல்லை, அமெரிக்காவில் இருக்கும் மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி.) கட்டடக்கலை படித்துவிட்டுத் தச்சரானவர். அவர் தம் முதல் மரச்சாமான்களை வடிவமைத்தது எங்கே தெரியுமா? நம் பாண்டிச்சேரியில்.

மூன்றாம் ஆண்டு ஸ்டடி டூரில் நாங்கள் பாண்டிச்சேரி போனோம். அரவிந்தர் ஆசிரமத்துக்குச் சொந்தமான 'கோல்கோன்ட்' என்ற விடுதியைத் தெருவில் நின்று பார்த்தோம். அது ஆசிரமத்தார் தங்கும் இடம், வெளியார் சுற்றிப் பார்ப்பதற்கு அல்ல. எங்கள் சார் ரோட்டில் நின்றபடியே காற்றோட்டத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். நோட்டில் எழுதிக்கொண்டோம். உள்ளே நாற்காலியும் கட்டிலும் செய்தது யார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எங்கள் கவனம் முழுக்கப் பீச் ரோட்டில் இருந்தது.

நகாஷிமா பிறந்தது 1905 மே 24-ல், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஸ்போகேன் நகரத்தில். காடும் மலையும் சூழ்ந்த பிரதேசம். கல்லூரியில் முதலில் எடுத்தது வனவியல். பிறகு கட்டடக்கலைக்கு மாறி 1929-ல் பட்டம், அதன்பின் எம்.ஐ.டி. படித்து முடித்து வெளியே வந்தால் உலகப் பொருளாதார மந்தம். இருந்த வேலையும் போயிற்று. நாமாக இருந்தால் ஊருக்குப் போய் எம்.பி.ஏ.வுக்கு அப்ளை பண்ணியிருப்போம். அவர் தம் காரை விற்று, உலகத்தைச் சுற்றிவரக் கப்பல் டிக்கெட் வாங்கினார். பாரிஸில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு 1934-ல் டோக்கியோ சேர்ந்தார்.

டோக்கியோவில் அப்போது அன்டோனின் ரேமண்ட் என்கிற செக் நாட்டில் பிறந்த கட்டடக் கலைஞர் பெரிய அலுவலகம் நடத்திக்கொண்டிருந்தார். பிராங்க் லாய்ட் ரைட்டின் இம்பீரியல் ஹோட்டல் வேலைக்காக ஜப்பான் வந்து அங்கேயே தங்கிவிட்டவர். நகாஷிமா அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அந்தச் சமயத்தில்தான் பாண்டிச்சேரியிலிருந்து ரேமண்டுக்கு அழைப்பு வந்தது, ஆசிரமத்துக்கு ஒரு விடுதி கட்டித் தர வேண்டும் என்று. ஆசிரமத்தில் இருந்த பவித்ரா என்ற பிரெஞ்சு இன்ஜினியர் முன்பு ஜப்பானில் வாழ்ந்தவர், அந்த வழியில் ஏற்பட்ட தொடர்பு. பணம் வந்தது ஹைதராபாத்திலிருந்து. அங்கே திவானாக இருந்த சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் நிஜாம் அரசு ஒரு லட்ச ரூபாய் கொடுத்தது. கோல்கொண்டாவின் பெயரைக் கட்டடத்துக்கு வைத்தது அந்த நன்றிக்காகத்தான்.

1937-ல் வேலை தொடங்கியது. ரேமண்ட் அலுவலகத்தின் சார்பில் சைட்டில் நின்றவர்களில் நகாஷிமா முக்கியமானவர். 1930-களின் பாண்டிச்சேரியை நினைத்துப் பாருங்கள்: பிரெஞ்சு ஆட்சி, ரெடிமிக்ஸ் கிடையாது, நாட்டிலேயே இரும்புக் கான்கிரீட் பழகிய கைகள் சொற்பம். ஆசிரமவாசிகளும் கூலிக்கு வந்த உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து கட்டினார்கள். சுவருக்குப் பதிலாக வெயிலைத் தடுத்துக் காற்றை விடும் திறந்து மூடும் பட்டைகள். அறைகளுக்குத் தேக்கில் தள்ளுகதவுகள், அவற்றிலும் காற்று போகும் இடைவெளி. கதவுக் கீல், கைப்பிடி போன்ற பித்தளைச் சாமான்களுக்காகப் பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி வார்த்தார்கள். அண்டாவும் குண்டானும் கதவுக் கைப்பிடியான கதை! அவசரமே இல்லாமல் நடந்த வேலை, 1940-களில்தான் முடிந்தது. ஒரு சைட் இன்ஜினியராக எனக்குப் பெருமூச்சு வருவது இந்த இடத்தில்தான்.

அந்த விடுதிக்கான மரச்சாமான்களை வடிவமைக்கும் பொறுப்பும் நகாஷிமாவிடம் வந்தது. முன்பின் மரச்சாமான் செய்து பழக்கமில்லாத ஆர்க்கிடெக்ட் அவர். அலங்காரம் ஏதுமில்லாத தேக்குச் சாமான்கள் அவை. இதற்கிடையில் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆசிரமவாசியாகவே ஆகிவிட்டார். அரவிந்தர் அவருக்குச் சூட்டிய பெயர் சுந்தரானந்தா, அழகில் இன்பம் காண்பவர் என்று பொருள். 1939-ல் போர் மேகம் சூழ்ந்தபோது பாண்டிச்சேரியை விட்டு ஜப்பான் வழியாக 1940-ல் அமெரிக்கா திரும்பினார்.

திரும்பியதும் ஒரு காரியம் செய்தார். அமெரிக்காவில் பெயர் பெற்ற நவீன கட்டடங்கள் சிலவற்றை, பிராங்க் லாய்ட் ரைட்டின் வேலை உட்பட, நேரில் போய்ப் பார்த்தார். வரைபடத்தில் பிரமாதம், கட்டிய விதம் சுமார் என்று அவருக்குப் பட்டது. வரைகிறவன் ஒருவன், செய்கிறவன் இன்னொருவன், பழி மட்டும் இருவருக்கும் நடுவில் அனாதையாக நிற்கும். நம்மில் சைட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புரியும். தொடக்கம் முதல் முடிவு வரை தன் கையிலேயே இருக்கிற தொழில் எது என்று யோசித்து, மரச்சாமான் என்று முடிவு செய்தார். சியாட்டில் நகரில் ஒரு கத்தோலிக்கச் சிறுவர் மன்றத்தின் அடித்தளத்தில் பட்டறை போட்டார். வாடகைக்குப் பதில் பையன்களுக்குத் தச்சு வேலை சொல்லிக் கொடுக்க வேண்டும். 1941-ல் திருமணம். அந்த டிசம்பரில் பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்தது.

1942 பிப்ரவரி 19-ல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஓர் உத்தரவின் பேரில், மேற்குக் கடற்கரைப் பகுதியில் வாழ்ந்த ஜப்பானிய வம்சத்தவர் சுமார் 1,20,000 பேர் வீடு வாசலை விட்டுப் பிடுங்கப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். விசாரணை இல்லை, குற்றச்சாட்டு இல்லை. கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நகாஷிமாவும் மனைவியும் கைக்குழந்தை மீராவோடு ஐடஹோ மாநிலத்தின் வறண்ட வெளியில் இருந்த மினிடோகா முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தார்க் காகிதம் போர்த்திய நீளக் கொட்டகைகள். பலகை இடுக்கெல்லாம் புழுதி. முள்வேலி. காவல் கோபுரம்.

எம்.ஐ.டி. பட்டதாரிக்கு உண்மையான ஒர்க்‌ஷாப் வகுப்பு தொடங்கியது அங்கேதான்.

அதே முகாமில் கென்டாரோ ஹிகோகவா என்ற தச்சர் இருந்தார். ஜப்பானில் பாரம்பரிய முறையில் தொழில் பழகியவர். முகாம் கொட்டகையைக் குடியிருக்கத் தக்கதாக மாற்றுவது எப்படி என்று காட்ட ஒரு மாதிரி அறையை உருவாக்கும் வேலை இவர்கள் இருவரிடமும் வந்தது. மரம் வாங்கக் காசு கிடையாது, வாங்கக் கடையும் கிடையாது. முகாம் கட்டியபோது மிஞ்சிய துண்டுத் துணுக்குப் பலகைகள், பெட்டி உடைத்த கட்டைகள், அந்தப் பாலையில் முளைத்துக் காய்ந்து முறுகிக் கிடந்த பிட்டர்பிரஷ் புதர்க் கட்டைகள், இவைதான் சரக்கு. படித்தவர் எடுபிடி ஆனார். படிக்காதவர் வாத்தியார் ஆனார்.

ஜப்பானிய ரம்பம் இழுக்கும்போது அறுக்கும் (நம் ஒர்க்‌ஷாப் ரம்பம் தள்ளும்போது அறுக்கும்). அதனால் அதன் தகடு மெல்லியது, அறுத்த கோடும் மெல்லியது. இழைப்புளியும் நம்மை நோக்கித்தான் இழுக்கப்படும். ஆணி, திருகு இல்லாமல் கட்டையைக் கட்டை பிடித்துக்கொள்ளும்படி பொருத்துவதுதான் ஜப்பானியத் தச்சுக் கலை. முப்பத்தேழு வயதில் உளி தீட்டுவதிலிருந்து பாடம் ஆரம்பம். கல்லூரியில் கற்றதை விட இந்த மனிதரிடம் கற்றதே தன் தொழிலுக்கு அடிப்படை என்று நகாஷிமா பிற்காலத்தில் கருதினார். ஹிகோகவாவின் பெயரில் பல்கலைக்கழகக் கட்டடமோ விருதோ நான் தேடிய வரையில் இல்லை. மாணவரின் வரலாற்றில் ஒரு வரியாக வருகிறார். அந்த ஒரு வரி எழுதப்பட்டதே அந்த மாணவர் மறக்காமல் சொல்லிக்கொண்டிருந்ததால்தான்.

1943-ல் பழைய முதலாளி ரேமண்ட் ஜாமீன் நின்று குடும்பத்தை வெளியே எடுத்தார். அவர் அப்போது பென்சில்வேனியா மாநிலத்து நியூ ஹோப் என்ற ஊரில் பண்ணை வைத்திருந்தார். போர்க்காலத்தில் ஜப்பானிய முகத்தோடு கட்டடம் வரைகிற உத்தியோகம் எளிதில் கிடைக்காது. ஆகவே ரேமண்டின் பண்ணையில் கோழி வளர்த்தார், மிச்ச நேரத்தில் மரவேலை. பிறகு மூன்று ஏக்கர் நிலத்தைக் காசு கொடுக்காமல், உழைப்பைக் கொடுத்து வாங்கினார். முதலில் பட்டறையைக் கட்டினார், அதற்கப்புறம்தான் வீடு.

நல்ல பலகை வாங்க அப்போதும் வசதியில்லை. அறுப்பு மில்லில் ஒதுக்கித் தள்ளியதைக் குறைந்த விலைக்கு எடுத்தார். கணு உள்ளது, கோணல் மாணலாக ஓரம் உள்ளது, விரிசல் விட்டது. மற்றவர்கள் அப்படிப்பட்ட பலகையில் கெட்ட பாகத்தை வெட்டி எறிந்து நேர்சதுரமாக எடுப்பார்கள். வெட்டி எறிந்தால் இவருக்கு மிஞ்சுவது என்ன? பட்டையை மட்டும் உரித்துவிட்டு மரத்தின் இயற்கையான வளைந்த ஓரத்தை அப்படியே விட்டார். விரிசலை மறைக்கவில்லை. அதன் குறுக்கே, உடுக்கை மாதிரி இடுப்பு சிறுத்து இரு முனையும் அகன்ற சிறு கட்டைகளை மேசையின் மேல்பரப்பிலேயே கண்ணுக்குத் தெரியப் பதித்தார். வண்ணத்துப்பூச்சிக் கட்டை என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். உடுக்கைக் கட்டை என்றே நாம் வைத்துக்கொள்ளலாம். இன்று உலகமெங்கும் காபிக் கடையிலிருந்து ஐ.டி. கம்பெனி வரவேற்பறை வரை காணும் வளைந்த ஓர மேசைகளுக்கெல்லாம் பூர்வீகம் இந்த ஏழ்மைதான்.

கொஞ்சம் இன்ஜினியரிங் பேச அனுமதியுங்கள், செயலாளர் மன்னிப்பாராக. மரம் ஏன் வாய் திறக்கிறது? பச்சை மரம் உலரும்போது எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. நகாஷிமாவுக்குப் பிடித்த கருப்பு வால்நட்டை எடுத்துக்கொள்வோம். பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலர்வதற்குள் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் அது சுமார் 5.5 சதவீதம் சுருங்கும். ஆண்டு வளையத்தின் போக்கிலோ 7.8 சதவீதம். நீளவாக்கில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. சுற்றளவு அதிகம் சுருங்கி ஆரம் குறைவாகச் சுருங்கினால் என்ன ஆகும்? வட்டம் வட்டமாக இருக்க முடியாது, எங்கேயாவது பிளந்துதான் ஆக வேண்டும். தடியின் வெட்டுமுகத்தில் நட்சத்திரம் போல விரிசல் ஓடுவது இதனால்தான். தேக்குக்கு இந்தக் கணக்கு 2.5-ம் 5.8-ம். மொத்தச் சுருக்கம் குறைவு என்பதால்தான் தேக்குக் கதவு தலைமுறை தாண்டியும் நிலையில் பிடிக்காமல் மூடுகிறது. உடுக்கைக் கட்டையின் ரேகை விரிசலுக்குக் குறுக்காகப் போக வேண்டும். நீளவாக்கில் மரம் சுருங்காது, இழுவைக்கும் பலம் அதிகம். ஆகவே பிளவின் இரு கரையையும் அது அசையாமல் பிடித்துக்கொள்ளும். ரேகையை மாற்றிப் போட்டால் இடுப்பில் முறிந்துவிடும். அலங்காரம் மாதிரி தெரிகிற அது பாரம் தாங்கும் உறுப்பு. கார்பெண்டரி சார் என்னிடம் கேட்ட கேள்விக்கு விடை இந்தப் பத்தியில் இருக்கிறது. எனக்குக் கிடைக்கப் பதினைந்து வருஷம் ஆயிற்று.

வசதி வந்த பிறகு நகாஷிமா முழுத் தடிகளாக வாங்கினார். அறுப்பு மில்லில் தானே நின்று, எந்தக் கோணத்தில் முதல் வெட்டு போக வேண்டும் என்று தீர்மானிப்பார். ஒரு தடி அறுத்த வரிசையிலேயே அடுக்கி வைக்கப்படும். அடுத்தடுத்த பலகைகளைப் புத்தகம் விரிப்பது போல் விரித்தால் ஒன்றின் ரேகை மற்றதில் பிரதிபலிக்கும். பிறகு வருஷக் கணக்கில் உலர விடுவார். ஆர்டர் கொடுக்க வருபவர் கடையில் போய்க் கைகாட்டுகிற மாதிரி வாங்க முடியாது. உட்கார வைத்துப் பேசுவார்: வீடு எப்படி, எத்தனை பேர், எதற்கு மேசை? அப்புறம் கொட்டகைக்குப் போய் அவர்களுக்கென்று ஒரு பலகையைத் தேர்ந்தெடுத்து, சிறிதாக ஒரு படம் வரைந்து விலை சொல்வார். முடிந்த சாமானின் அடிப்பக்கத்தில் எழுதப்படுவது வாங்கியவரின் பெயர். அவருடைய கையெழுத்து பெரும்பாலும் இருக்காது.

கம்பெனிகளுக்கும் வடிவமைத்துக் கொடுத்தார். நோல், விடிகாம்ப் போன்ற நிறுவனங்கள் அவர் வடிவங்களை உற்பத்தி செய்தன. ஆனால் மனம் என்னவோ பட்டறையில்தான். 1960 வாக்கில் வந்த கோனாய்டு நாற்காலிக்கு இரண்டே கால்கள். இருக்கை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். கவிழ்ந்துவிடும் என்று பார்த்தவர்கள் பயந்தார்கள். கவிழவில்லை. அவர் கட்டடம் வரையத் தெரிந்தவர் என்பதை மறந்துவிட்டார்கள்! பட்டறை வளாகத்தில் கான்கிரீட் ஓட்டுக் கூரையும் இரட்டை வளைவுக் கூரையும் தானே கட்டிப் பார்த்தார். 1973-ல் நெல்சன் ராக்பெல்லரின் வீட்டுக்கு 200-க்கும் மேற்பட்ட சாமான்கள் செய்துகொடுத்தார். இந்தியாவையும் மறக்கவில்லை. 1964-ல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்புக் கழகத்துக்கு வந்து, அங்கே இருந்த தச்சர்களோடு சேர்ந்து மரச்சாமான் வரிசை ஒன்றை உருவாக்கினார்.

1981-ல் அவர் எழுதிய புத்தகத்தில் மரத்தின் ஆன்மாவைப் பற்றி நிறைய வருகிறது. நேர்மையாகச் சொன்னால், அந்தப் பக்கங்களில் எனக்குக் கொட்டாவி வந்தது. அறுப்பு மில் பக்கங்களில் தூக்கம் ஓடிப்போயிற்று. அவரைச் சாமியாராக்கிக் கும்பிடுகிற கட்டுரைகள் ஏராளமாக இருக்கின்றன. காசில்லாமல் கழிவுப் பலகை பொறுக்கிய அப்பாவாகவும், வயதில் பாடம் கேட்கக் கூச்சப்படாத மாணவராகவும்தான் என் கண்ணுக்கு அவர் பெரியவர். மில்காரர் ஒதுக்கிய பலகையில் தொடங்கிய தொழில். 2006-ல் நியூயார்க் ஏலத்தில் அவர் மேசை ஒன்று 8 லட்சம் டாலருக்கு மேல் போனது.

1989-ல் பிரின்ஸ்டன் நகரில் ஒரு வீடு தீப்பிடித்தது. பல ஆண்டுகளாகச் சேர்த்த நூற்றுக்கும் மேற்பட்ட நகாஷிமா சாமான்கள் அந்த வீட்டில் இருந்தன. அத்தனையும் போயின. அப்போது அவருக்கு 84 வயது. போனவற்றுக்குப் பதிலாகப் புதிதாகச் செய்து தர உட்கார்ந்தார். அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே 1990 ஜூன் 15-ல் காலமானார். முகாம்களில் அடைத்தது தவறு என்று அமெரிக்க அரசு 1988-ல் சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் அறிவித்திருந்தது. முதல் காசோலைகள் வந்தது 1990 அக்டோபரில். நம்மூர் பென்ஷன் ஆபீஸ் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.

மீதியை முடித்துக் கொடுத்தவர் மகள் மீரா, மினிடோகாவுக்குத் தூக்கிச் செல்லப்பட்ட அதே கைக்குழந்தை. அவரும் கட்டடக்கலை படித்தவர், அப்பாவின் பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்தவர். அப்பா போனதும் சில வாடிக்கையாளர்கள் ஆர்டரை ரத்து செய்தார்கள். அவர் கை படாத சாமான் எதற்கு என்று எண்ணியிருக்கலாம். பலகைகளை அடுக்கி வைத்துவிட்டுத்தான் அப்பா போயிருந்தார். அவற்றை வைத்து மீரா பட்டறையை நடத்தினார். 2014-ல் அந்த வளாகத்தை அமெரிக்க அரசு தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

அப்பா விட்டுச் சென்ற இன்னொரு வேலையும் இருந்தது. 1984-ல் நகாஷிமாவுக்கு மிகப் பெரிய வால்நட் தடி ஒன்று கிடைத்தது, ஏறக்குறைய முந்நூறு வயது மரம். அதன் பலகைகளைப் புத்தகம் போல் விரித்து, நடுவில் உடுக்கைக் கட்டைகள் பதித்து, கண்டத்துக்கு ஒன்றாக அமைதி மேசைகள் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டார். முதல் மேசை 1986 டிசம்பர் 31 இரவு நியூயார்க்கின் ஒரு பெரிய தேவாலயத்தில் வைக்கப்பட்டது. ஆசியாவுக்கான மேசையை மீரா முடித்து 1996-ல் அனுப்பினார். வந்து சேர்ந்த இடம் ஆரோவில். அப்பா நாற்காலி வரையத் தொடங்கிய கோல்கோன்டிலிருந்து சைக்கிளிலேயே போய்விடலாம்.

அந்த மேசையை நான் பார்த்தது 2022-ல், குடும்பத்தோடு டூர் போனபோது. அதற்கு முந்தைய வருஷம் எங்கள் ஊர் வீட்டை இடித்திருந்தோம். தாத்தா கட்டியது. பங்காளிகள் எல்லோரும், "நீதான் இன்ஜினியர், நீயே பார்த்துக்க" என்று என்னிடம் விட்டார்கள். பழைய மரம் வாங்குகிறவரை நானே கூட்டிவந்து, உத்தரம், சட்டம், கதவு, நிலை எல்லாம் மொத்தமாக ஒரு தொகை பேசிக் கொடுத்தேன். லாரியில் ஏற்றிக்கொண்டு, பாட்டியின் ஊஞ்சல் பலகையை மட்டும் இறக்கி வைத்தார். "விரிசல் சார், ஒரு பக்கம் முழுசா ஓடிருக்கு. விறகுக்குத்தான் ஆகும்" என்றார். சரியென்று மாட்டுக் கொட்டகையில் சாத்திவிட்டு வந்தேன். ஆரோவிலில் அந்த மேசையின் நடுவே ஓடும் பிளவையும் அதைப் பிடித்திருக்கும் கட்டைகளையும் பார்த்தபோது எனக்கு லாரிதான் ஞாபகம் வந்தது. என் மகள், "அப்பா, உடைஞ்ச டேபிளை ஏன் வச்சிருக்காங்க?" என்றாள். பதில் சொல்ல வராமல் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

போன வருஷம் ஊஞ்சல் பலகையை வேனில் போட்டுக்கொண்டு கார்பெண்டரி சார் வீட்டுக்குப் போனேன். ரிட்டயர்டாகி வீட்டுப் பின்புறம் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கிறார். மகளுக்குப் படிக்கிற மேசை செய்ய வேண்டும் என்றேன். என்னை அடையாளம் தெரியவில்லை. டி-லேப், ஃபெவிகால் என்றேன். "அதை எல்லாப் பயலுகளும்தான் செஞ்சீங்க" என்றார். பலகையை விரலால் தட்டினார், நுனியில் நாக்குப் படாத குறையாக முகர்ந்தார், விரிசலுக்குள் அட்டையை விட்டு ஆழம் பார்த்தார். "நல்ல வைரம். ஆனா இப்ப கை வைக்கக் கூடாது. உங்க ஊரு வறட்சி, இங்க கடக்காத்து. ஒரு மழைக்காலம் இங்க கெடக்கட்டும், எவ்வளவு திறக்குது மூடுதுன்னு பார்த்துட்டுச் செய்யலாம்."

நகாஷிமாவின் படங்களை மொபைலில் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். உடுக்கைக் கட்டை வந்த இடத்தில் நிறுத்தி, ரேகை எப்படிப் போகிறது என்று விரலால் தடவினார். "சரியாத்தான் போட்டிருக்கான் மனுசன்" என்றார். எம்.ஐ.டி., கோல்கோன்ட், ராக்பெல்லர் என்று நான் அடுக்கியதை எல்லாம் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை.

"இவருக்கு யாரு வேலை கத்துக் கொடுத்தா?" என்று கேட்டார்.

ஹிகோகவா என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். காதிலிருந்த பென்சிலை எடுத்து, ஊஞ்சல் பலகையின் விரிசலை ஒட்டி மூன்று இடத்தில் லேசாகக் கோடு போட்டுவிட்டு, பலகையைச் சுவரோரமாக நிமிர்த்திச் சாத்தினார்.